கார்னரில் நிற்கிறவனுக்கு என்ன மிச்சம்?

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன், திரேஸ்புரம்)



'லைன்மேன்' என்று சொன்னதும் நம் மின்னியல் துறை நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறுகிற மின்வாரியத்து லைன்மேன்தான் நமக்குத் தெரிந்த லைன்மேன். கரண்ட் இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் பேர் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு டிரான்ஸ்பார்மர் 'டப்'பென்று வெடிக்கட்டும், திரேஸ்புரம் முழுக்க அவரைத்தான் தேடும். திட்டிக்கொண்டே தேடும்!

அமெரிக்காவிலும் ஒரு லைன்மேன் இருக்கிறார். கம்பத்தில் ஏறுகிறவர் இல்லை, பந்து விளையாடுகிறவர். அவருக்கும் இதே தலையெழுத்துதான். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு நம்ம ஊர்க் கபடிக்கு வருகிறேன். 'எதுக்குடா இவன் சுத்தி வளைக்கிறான்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் நம் மாணவர் பேரவையிடம் கேட்கப் போவது ஒரே ஒரு கோப்பை, அதோடு ஒரு காப்பீடு. இந்த வழியாகப் போனால்தான் அந்த இடத்துக்குச் சரியாக வந்து சேர முடியும்.

அமெரிக்க ஃபுட்பால் என்பது நாம் ஆடுகிற கால்பந்து இல்லை. கூர்முனை வைத்த பந்து, தலைக்கவசம், தோளுக்கு அட்டை, பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தை வாங்கி முன்னால் எறிகிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். போஸ்டரில் வருகிறவர், விளம்பரத்தில் சிரிக்கிறவர் எல்லாம் அவர்தான். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்து எறிவதற்கு இரண்டு மூன்று நொடி வேண்டும். எதிரணிக்காரர்கள் அந்த நொடியைக் கொடுப்பார்களா? மாட்டு வண்டியை மோதுகிற லாரி மாதிரி வருவார்கள். அந்த இரண்டு மூன்று நொடியை வாங்கிக் கொடுப்பதற்காகவே முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்கிறார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கும் வெளியே இரண்டு டேக்கிள். இவர்கள்தான் அஃபென்சிவ் லைன்மேன்கள். ஆள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 140 கிலோ. ஆறடி நாலு அங்குலம், ஐந்து அங்குலம் என்று உயரம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? முன்னால் எறிகிற பந்தை இந்த ஐந்து பேரும் பிடிக்கக் கூடாது! விதியே அப்படி. நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் தவிர, 50 முதல் 79 வரை எண் போட்ட சட்டைக்காரனுக்குப் பந்து கிடையாது. சென்டர் மட்டும் கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் தள்ளுவார், அதோடு சரி. மற்ற நாலு பேர் பத்து வருஷம் ஆடி ஒருமுறைகூடப் பந்தைத் தொடாமல் ஓய்வு பெறலாம். ஒரே ஒரு தருணத்தில்தான் அரங்கம் முழுக்க அவர் எண் ஒலிபெருக்கியில் கேட்கும். எதிராளியைச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டால் 'ஹோல்டிங்' என்று தப்பு. நடுவர் மைக்கில் எண்ணைச் சொல்லிப் பத்து கெஜம் பின்னால் தள்ளுவார். நல்லபடியாக ஆடிய அறுபது தடவைக்கு ஒன்றும் இல்லை, தப்பிய ஒரு தடவைக்கு மைக்!

இவர்களுடைய அருமை முதலாளிகளுக்குத் தெரிய ஒரு கால் உடைய வேண்டியிருந்தது. 1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மேன் மீது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் வந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தைஸ்மேன் அதன் பிறகு ஆடவே இல்லை. வலது கையால் எறிகிறவருக்கு இடது பக்கம் கண்ணில் படாது. அந்தப் பக்கத்தைக் காக்கிற லெஃப்ட் டேக்கிளுக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும் என்று அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக உணர ஆரம்பித்தார்கள். 1993-இல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம் என்று வந்தபோது லைன்மேன்களின் சம்பளம் ஏறியது. மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் 2006-இல் இதை வைத்தே ஒரு புத்தகம் எழுதி, அது சினிமாவாகவும் வந்தது.

பணம் வந்தது, சரி. பேர் வந்ததா? அந்த லீக்கின் மிகப் பெரிய தனிநபர் விருதை இன்றுவரை ஒரு லைன்மேன்கூட வாங்கவில்லை. கடைசியில் பஃபலோ அணியின் லெஃப்ட் டேக்கிள் டியான் டாக்கின்ஸ், 'எங்களுக்கென்று ஒரு விருது வையுங்கள்' என்று வாய்விட்டே கேட்டார். 2025-இல் லீக் ஒத்துக்கொண்டு சிறந்த லைன்மேனுக்கென்று தனி விருது அறிவித்தது. 'இந்த ஆண்டின் பாதுகாவலர்' என்று அதற்குப் பெயர். லீக் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! கேட்ட பிறகு!

கேட்டால்தான் கிடைக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது கபடிக்கு வருகிறேன்.

'பைசன்' படம் 2025-இல் வந்த பிறகு நம் மாவட்டத்தில் கபடிக்கு ஒரு தனி மவுசு வந்திருக்கிறது. மணத்தி கணேசன் அண்ணாச்சியின் வாழ்க்கையிலிருந்து பிறந்த படம் என்பதால் நமக்கெல்லாம் காலர் தூக்கல். தூக்கட்டும், தப்பில்லை. மணத்தி என்கிற சின்ன ஊரிலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கியவர். மின்வாரிய அணிக்கு ஆடியவர் (லைன்மேன் கதையில் மின்வாரியம் திரும்ப வந்துவிட்டது பாருங்கள்). ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த நம் பசங்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்துக்குப் பத்து பேரும் ரைடு போகத்தான் ஆசைப்படுகிறான். 'நான் கார்னரில் நிக்கேன்' என்று ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம். ஆள் குறையும்போது யாராவது ஒரு புதுப் பையனைப் பிடித்து, 'ஏலே, நீ சும்மா அந்த மூலையில நில்லு' என்று நிறுத்துகிறோம். சும்மா நிற்கிற இடமா அது?

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆண்கள் கபடியில் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். உள்ளே ஏழு பேர். இரண்டு மூலையிலும் கார்னர், அவர்களை ஒட்டி இன், அடுத்து கவர், நடுவில் சென்டர். பாடி வருகிறவனுக்கு 30 நொடி. அந்த 30 நொடியில் பார்வையாளர்கள் எல்லாரும் அவன் ஒருத்தன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கார்னர்காரன் அவன் முகத்தைப் பார்க்க மாட்டான், காலைப் பார்ப்பான். எந்தக் காலில் பாரம் ஏறுகிறது, எந்தக் கால் போனஸ் கோட்டைத் தாண்டப் போகிறது, எந்தக் கால் பொய்க்கால்! பாரம் ஏறிய காலைப் பிடித்தால் ஆள் சாய்வான். பொய்க்காலைப் பிடித்தால் அவன் உதறிவிட்டுப் போவான், நம்மாளு வெளியே. அரை நொடி முந்தினாலும் அவுட், அரை நொடி பிந்தினாலும் அவுட்.

இன்னொன்று. கையோடு கை கோத்துச் சங்கிலி பிடிக்கிறோம் இல்லையா? கணுக்காலைப் பிடிக்கிறவன் ஒருத்தன், இடுப்பில் பாய்கிறவன் ஒருத்தன், நடுக்கோட்டுக்கு முன்னால் குறுக்கே விழுந்து மறிக்கிறவன் ஒருத்தன். புள்ளி ஒருத்தன் கணக்கில்தான் ஏறுகிறது. மற்ற இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான் மிச்சம். ரைடர் பத்து தடவை போய் நாலு தடவை சும்மா திரும்பி வந்தால் 'பரவாயில்லை, பார்த்து ஆடுறான்' என்கிறோம். பிடிக்கிறவன் ஒரு தடவை நழுவ விட்டால், 'அவனைத் தூக்கு வெளியே!' என்று பெஞ்சிலிருந்து சத்தம் வருகிறது. அமெரிக்காக்காரன் மைக்கில் எண்ணைச் சொல்கிற மாதிரியே இல்லை?

தொழிலாகவே கபடி ஆடி, பிடிக்கிற இடத்திலேயே நின்று வாழ்ந்து காட்டிய ஒருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் நம் விடுதியில் கேட்டுப் பார்த்தேன். இருபது பேரில் மூன்று பேர்! அவர் பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975-இல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014 ஜூலையில் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 39. முப்பத்தொன்பது வயதில் மற்றவர்கள் கோச் வேலைக்கு விண்ணப்பம் போடுவார்கள். இவர் அப்போதுதான் டெலிவிஷனில் வருகிறார்.

பெங்களூரு அணியில் ஆரம்பித்தார். 2016-இல் பாட்னா அணிக்குத் தலைவர். அந்த ஆண்டு ஜூலையில் ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைக் கையில் தூக்கினார். அதே வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே ஈரான். இந்தியா 38-29 என்று ஜெயித்தது. முதல் பாதியில் பின்தங்கியிருந்த ஆட்டத்தை அஜய் தாக்கூர் தன் ரைடுகளால் புரட்டிப் போட்டார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. எழுத வேண்டியதுதான், அப்படி ஆடினார். அந்த அணியில் 41 வயதில் ஒருவர் இருந்தார், தமிழ்நாட்டுக்காரர், தடுப்பாட்டக்காரர், என்று நம்ம ஊரில் எத்தனை சுவரொட்டி ஒட்டினோம்?

அதோடு நிற்கவில்லை. புனே, மும்பை என்று போய், 2019-இல் 44 வயதில் ஹரியானா அணிக்குக் கேப்டன். ஹரியானா என்றால் என்ன? தெருவுக்கு நாலு கபடிக்காரன் பிறக்கிற ஊர்! அந்த ஊர் அணிக்கு நம்மவர் கேப்டன். 2021-22 சீசனில் 46 வயதில் ஜெய்ப்பூர் அணி. கூட ஆடுகிற பையன்களில் பாதிப் பேர் அவர் மகன் வயசு. வடநாட்டுப் பசங்க எல்லாம் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள், தமிழிலேயே.

எப்படி முடிந்தது? என் கருத்தைச் சொல்கிறேன், மறுக்கிறவர்கள் கேன்டீனுக்கு வாருங்கள். ரைடர் வேகத்தை நம்பிப் பிழைக்கிறவன். முப்பதைத் தாண்டினால் வேகம் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். பிடிக்கிறவன் நம்பிப் பிழைப்பது பொறுமையை. எப்போது பாயக் கூடாது என்பது வருஷம் ஆக ஆகத்தான் உடம்பில் ஏறுகிறது. பயிற்சிமனையில் ஃபைலிங் மாதிரி. முதல் வருஷம் அரத்தைப் போட்டு ராவோ ராவென்று ராவி, ஜாப்பைக் குட்டையாக்கி வைப்போம். மூன்றாம் வருஷம் கை தானாக நிற்கும். சேரலாதனின் ஆட்டப் பதிவுகள் கிடைத்தால் பாருங்கள். முப்பது நொடியில் இருபத்தைந்து நொடி அவர் எதுவுமே செய்யாத மாதிரிதான் தெரியும்.

சந்தைக்கு இது விளங்க ஆரம்பித்துவிட்டது. 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் யார்? ரைடர் இல்லை. ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராசலி, லெஃப்ட் கார்னர்! 2023-இல் இன்னொரு ஈரான்காரர், முகமதுரேசா ஷாட்லூயி, அவரும் லெஃப்ட் கார்னர்தான், 2 கோடியே 35 லட்சத்துக்குப் போனார். ஈரான்காரன் மூலையில் நிற்கக் கற்றுக்கொண்டு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம்மை அரையிறுதியில் கவிழ்த்தான். 1990-லிருந்து ஒருமுறைகூட விடாமல் ஏழு தங்கம் வாங்கிய நாம் அன்று வெண்கலத்தோடு வந்தோம். அடுத்த தடவை ஹாங்சோவில் தங்கம் திரும்பி வந்தது, அது வேறு கதை.

சந்தைக்கு விளங்கினது நம் பேரவைக்கு எப்போது விளங்கும்?

திரேஸ்புரத்தில் பிறந்தவனுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை. நம்ம கடலில் 1961 வரைக்கும் முத்துக்குளிப்பு நடந்தது. குளிக்கிறவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிஷம். மேலே தோணியில் ஒருத்தர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் இழுக்க வேண்டும். கவனம் பிசகினால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது வழக்கம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதே, கண் அயர்வானா? இன்றைக்குச் சங்குக் குளிக்கப் போகிறவர்கள் கம்ப்ரசர் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே வள்ளத்தில் இருப்பவர் குழாய் மடங்காமல், மோட்டார் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது 'யார் குளிச்சது, எத்தனை சங்கு' என்றுதான். ஆனால் வீட்டில் பெண்கள் கேட்பது வேறு. 'மேல யாரு நின்னா?'

அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நம் கல்லூரி கேட்க வேண்டும் என்கிறேன்.

நம் விளையாட்டு விழாவில் கபடிக்கு எத்தனை தனிப் பரிசு? ஒன்று. 'சிறந்த ரைடர்'. மலரில் போன வருஷம் வந்த கபடிப் படங்கள் மூன்று, மூன்றிலும் ரைடர் கோட்டைத் தொடுகிற காட்சி. ஊர்க் கோயில் கொடை ஆட்டங்களிலும் மாதா கோயில் திருவிழா ஆட்டங்களிலும் சிறந்த பிடிகாரனுக்கு ஒரு குத்துவிளக்கோ, சில்வர் குடமோ கொடுக்கத்தான் செய்கிறார்கள். ராத்திரி ஆட்டம் நடத்துகிற மீன்காரருக்கும் உப்பளத்துக்காரருக்கும் தெரிந்த நியாயம், டிப்ளமா படிக்கிற நமக்குத் தெரியவில்லை என்றால் வெட்கமாக இல்லையா? கால்பந்தில் கோல் கீப்பருக்கும் இதே கதி. பெண்கள் கபடி அணிக்கு இன்னும் மோசம். அவர்களுக்கு ரைடர் பரிசுகூடக் கிடையாது, மொத்த அணிக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ்.

இது வரைக்கும் கோப்பைக் கதை. இனிமேல் சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும்.

மைக் வெப்ஸ்டர் என்று ஒரு லைன்மேன். பிட்ஸ்பர்க் அணியின் சென்டர். 1974 முதல் 1990 வரை 17 சீசன் ஆடினார். நாலு முறை சாம்பியன். 1997-இல் புகழ் மண்டபத்தில் பெயர் பொறித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் தலையோடு தலை மோதி மோதி, ஓய்வுக்குப் பிறகு மனுஷனுக்கு ஞாபகம் தப்பியது, தூக்கம் போனது, குடும்பம் கலைந்தது, கையில் காசில்லை. சில நாள் தன் வண்டியிலேயே படுத்துக் கிடந்தார். 2002-இல் ஐம்பது வயதில் இறந்தார். பிணப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து போனவர், மூளையை வெட்டிப் பார்த்து, அடிமேல் அடி வாங்கிச் சிதைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். 2005-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. லீக் முதலில் அதை ஏற்கவில்லை. பிறகு ஆயிரக்கணக்கான பழைய வீரர்கள் வழக்குப் போட்டு, சமரசத் திட்டத்துக்கு 2015-இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. தொகை நூறு கோடி டாலர் அளவுக்குப் பேசப்பட்டது. வெப்ஸ்டருக்கு அது எதற்கு? போய்ச் சேர்ந்து பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது.

நம் கபடியில் தலைக்கவசம் மோதல் இல்லை. ஆனால் முட்டி இருக்கிறது. கார்னர்காரன் பாய்ந்து பிடிக்கும்போது முழங்கால் திருகினால், உள்ளே இருக்கிற தசைநார் அறுந்துபோகும். அறுவை சிகிச்சை செய்து, பயிற்சி செய்து, திரும்பக் களத்தில் இறங்க ஒன்பது மாதம், ஒரு வருஷம் ஆகும். அதுவும் நல்ல டாக்டர் கிடைத்து, செலவு செய்ய வசதி இருந்தால். நாம் ஆடுவது மேட் மேலே இல்லை, காய்ந்த மண்ணில். எனக்குத் தெரிந்த ஒரு நண்பன் இரண்டாம் வருஷத்தில் ஒரு போட்டியில் விழுந்தான். மைதானத்தில் முதலுதவிப் பெட்டி இருந்தது, உள்ளே பஞ்சும் ஒரு மஞ்சள் மருந்தும். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். அவன் அப்பா வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். அந்தச் செலவுக்கு அம்மாவின் கம்மல் போனது. ஆறு மாதம் வகுப்புக்கு வர முடியாமல் வருகைப்பதிவு குறைந்து, தேர்வு எழுத முடியாமல் ஒரு வருஷம் பின்தங்கினான். கல்லூரிக்காக விழுந்தவன்தானே? போட்டி நடத்தியவர்கள் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. எந்தப் போட்டி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்தப் பக்கம் அச்சாகாது!

'அப்படின்னா விளையாடாதே, படி' என்று ஒரு குரல் வரும். வீட்டில் அப்பா சொல்வார், துறையில் சார் சொல்வார். 'படிப்பை விட்டுட்டு விளையாடு, புரோ கபடி கூப்பிடும்' என்று இன்னொரு குரலும் வரும். அது பெரும்பாலும் நம் பெஞ்சிலிருந்தே வரும். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது குரலுக்கு முதலில் கணக்குச் சொல்கிறேன். புரோ கபடியில் அணிகள் 12. அணிக்கு அதிகபட்சம் 25 பேர். மொத்தம் 300 இடம், இந்தியா முழுக்க, வெளிநாட்டுக்காரர்களையும் சேர்த்து. 2024 ஏலத்தில் கடைசிப் பிரிவுக்கு அடிப்படை விலை 9 லட்சம். நல்ல பணம்தான், ஆனால் அது ஒரு சீசனுக்கு. அடுத்த சீசனில் ஏலத்தில் கை தூக்க ஆள் இல்லையென்றால் பூஜ்யம். கோடியைப் படித்துவிட்டு ஹால் டிக்கெட்டைக் கிழிக்கிறவன், சங்கு இருக்கிறதா என்று பார்க்காமலே குதிக்கிறவன்.

முதல் குரலுக்குப் பதில் சொல்ல இன்னொரு லைன்மேனைக் கூப்பிடுகிறேன். ஜான் அர்ஷல். பால்டிமோர் அணிக்காக 2014 முதல் மூன்று சீசன் கார்டாகவும் சென்டராகவும் ஆடினார். ஏறத்தாழ 140 கிலோ உடம்பு. அதே ஆள் கணிதத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்! ஆடிக்கொண்டிருக்கும்போதே எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். 2015-இல் பயிற்சியில் தலையில் அடிபட்டு மயங்கினார். அதன் பிறகு கொஞ்ச காலம் உயர்கணக்கு மண்டையில் ஏறவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2017 ஜூலையில் ஒரு ஆய்வு வந்தது, இறந்துபோன 111 லீக் வீரர்களின் மூளையைச் சோதித்ததில் 110 பேருக்குச் சிதைவு இருந்தது என்று. அது வெளிவந்த இரண்டாம் நாள், 26 வயதில், அர்ஷல் ஆட்டத்துக்குக் கும்பிடு போட்டார். 2021-இல் முனைவர் பட்டம் வாங்கி, இப்போது கணிதப் பேராசிரியர். அவர் ஆட்டத்தை வெறுத்து வரவில்லை. விட்டுவிட்டுப் போக இன்னொரு கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். வெப்ஸ்டருக்கு அந்தக் கதவு இல்லை.

நம் கையில் இருக்கும் டிப்ளமா அந்தக் கதவு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, மின்வாரியம், காவல்துறை, வங்கி என்று பல இடத்தில் கபடிக்காரர்களை எடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் தனியாக இருக்கிறது. ஆனால் அங்கே கேட்பது ஊர்க் கோப்பைச் சான்றிதழ் இல்லை, மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ். கூடவே படிப்பும். பத்தாம் வகுப்போடு போகிறவனுக்கு ஒரு நாற்காலி, டிப்ளமாவோடு போகிறவனுக்கு வேறு நாற்காலி. ஆட்டம் முடிந்த பிறகும் முப்பது வருஷம் உட்கார வேண்டியது அந்த நாற்காலியில்தான். ஆக, கார்னரில் நிற்கிற தம்பி விளையாடட்டும், நன்றாக விளையாடட்டும், ஆனால் அரியர் வைக்காமல் விளையாடட்டும். அதற்குக் கல்லூரியும் பேரவையும் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும்.

என்ன செய்யலாம்? பேரவைக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்லப் போவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு 'முன்கூட்டி சொல்லலியே' என்று யாரும் சொல்லக் கூடாது. விளையாட்டுக் கட்டணம் என்று ஒவ்வொருவரிடமும் வாங்குகிறோம். அதில் பந்தும் வலையும் வாங்கியது போக மீதியில் கல்லூரி அணியில் ஆடும் ஒவ்வொருவருக்கும் குழு விபத்துக் காப்பீடு எடுங்கள். விழுந்து கிடக்கிற நாட்களுக்கு வருகைப்பதிவில் சலுகை கேட்டு முதல்வரிடம் பேரவை மனு கொடுக்கட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். களத்தில் கல் பொறுக்கி மண்ணைக் கொத்திப் போட ஒரு சனிக்கிழமை போதும், இயந்திரவியல் துறை சார்பில் இருபது பேரைக் கூட்டி வருவது என் பொறுப்பு. முதலுதவிப் பெட்டிக்குள் ஐஸ் வைக்க வழி செய்யுங்கள். மீன்பிடி ஊரில் ஐஸுக்குப் பஞ்சமா!

பிறகு அந்தக் கோப்பை. 'சிறந்த பிடிகாரர்', ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பணம் இல்லை என்று பொருளாளர் சொல்வார். அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார், நல்ல மனுஷன். கடையில் விசாரித்துவிட்டேன். கோப்பையைவிட அதில் பேர் வெட்டுவதற்குத்தான் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார்கள். கபடி அணி வாட்ஸ்அப் குழுவில் உண்டியல் சுற்றியாகிவிட்டது. முதல் ஆளாகப் பணம் போட்டவர்கள் யார் தெரியுமா? நம் இரண்டு ரைடர்களும்தான்.